சான் ஆண்ட்ரியாஸில் தேடிச் சேர்ப்பவை, கூட்டிக்கொள்ளும் பலம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

'ஜிடிஏ (கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ): சான் ஆண்ட்ரியாஸ்' என்ற வீடியோ கேம் 2004 அக்டோபரில் பிளேஸ்டேஷன் 2-க்கு வந்தது. 2005 ஜூனில் கணினிக்கும், 2013 டிசம்பரில் போனுக்கும் வந்தது. இத்தனை வருஷம் கழித்தும் புதிதாக யாராவது ஆட ஆரம்பித்துக்கொண்டே இருக்கிறார்கள். கதையில் பாதி தாண்டியதும் அவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே மாதிரிக் கேள்விகள்: இந்தச் சிப்பி எதற்கு, லாடம் எதற்கு, எல்லாவற்றையும் எடுத்தால் என்ன கிடைக்கும்? அவற்றுக்கான பதில்களை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கதையின் நடுவில் நடக்கும் ஒரு திருப்பத்தைச் சொல்லாமல் சில பதில்களை எழுத முடியவில்லை. முதல் தடவை ஆடுகிறவர்கள் அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

மொத்தம் என்னென்ன தேடிச் சேர்க்க வேண்டும்?

நான்கு வகை, மொத்தம் 250. லாஸ் சாண்டோஸ் நகரத்துச் சுவர்களில் 100 டேக், அதாவது எதிரிக் கும்பலின் கிறுக்கல். சான் ஃபியரோவில் 50 புகைப்படம். லாஸ் வென்சுராஸில் 50 லாடம். மாநிலம் முழுக்கத் தண்ணீருக்கு அடியில் 50 சிப்பி. விளையாட்டை 100 சதவீதம் முடிக்க இந்த நான்கும் கட்டாயம். வண்டியைப் பறக்கவிடும் 70 ஸ்டன்ட் ஜம்ப்களை இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்கிறார்கள். அவை 100 சதவீதக் கணக்கில் வராது. பிடித்தால் செய்யலாம்.

இது வெறும் எண்ணிக்கையை ஏற்றும் வேலைதானே? எதற்கு மெனக்கெட வேண்டும்?

இந்தக் கேள்விக்காகத்தான் இந்தப் பக்கத்தையே எழுதினேன்.

நான்கு பொருளையும் எங்கே வைத்திருக்கிறார்கள் என்று கவனித்துப் பாருங்கள். டேக் இருப்பது சந்துச் சுவரில், கடையின் பின்பக்கம், பாலத்துக்கு அடியில். அதைக் கண்டுபிடிக்க நாயகன் சிஜே வண்டியை விட்டு இறங்கி நடந்தாக வேண்டும். புகைப்படத்துக்குக் கேமரா வழியாகச் சுற்றிலும் நிமிர்ந்து பார்க்க வேண்டும். லாடங்களில் பல கூரைகளின் மேலே, அதனால் ஏறவும் பறக்கவும் வேண்டும். சிப்பிக்கு மூச்சைப் பிடித்துக்கொண்டு முங்க வேண்டும். ஒவ்வொரு பகுதிக்கும் ஒவ்வொரு விதமான பார்வையைக் கொடுத்திருக்கிறார்கள். மிஷன்களை மட்டும் ஆடினால் லாஸ் சாண்டோஸ் என்பது வண்டிக் கண்ணாடிக்கு வெளியே ஓடும் கட்டடங்கள்தான். நூறு டேக்கையும் அடித்து முடித்தவரிடம் கேளுங்கள், ஐடில்வுட்டிலிருந்து கிளென் பார்க்குக்கு எந்தச் சந்து வழியாகப் போகலாம் என்று மேப் பார்க்காமலே சொல்வார்.

அண்ணனும் நானும் இந்த விளையாட்டை ஆடிய காலத்தில் வீட்டில் நெட் கிடையாது. பழைய கணக்கு நோட்டில் ஒவ்வொரு பேட்டைக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, கிடைத்த டேக்குகளைக் கோடு போட்டுக் குறித்து வைத்தோம். எழுபது சொச்சத்தில் நின்றுபோனது. கடைசி இருபத்தைந்தைத் தேடிய அந்தக் கோடை விடுமுறையில்தான் அந்த ஊர் எனக்கு முழுதாகப் பழகியது. இன்றைக்கும் சிஜேவின் வீடு இருக்கும் குரோவ் தெருவிலிருந்து சாண்டா மரியா கடற்கரைக்கு யோசிக்காமல் வண்டி ஓட்டுவேன்.

எதை முதலில் செய்வது நல்லது?

டேக். விளையாட்டின் தொடக்கத்திலிருந்தே திறந்திருப்பது லாஸ் சாண்டோஸ் மட்டும்தான். பூட்டியிருக்கும் பகுதிக்குள் முன்கூட்டியே நுழைந்தால், துரத்தலின் தீவிரத்தைக் காட்டும் நட்சத்திரம் நான்காகி போலீஸ் துரத்தும். இன்னொரு காரணமும் உண்டு. 'தி கிரீன் சேபர்' மிஷனுக்குப் பிறகு சிஜேவை ஊரைவிட்டே வெளியேற்றிவிடுவார்கள், குரோவ் தெரு கை மாறிவிடும். டேக்குகளை முடித்ததற்கான ஆயுதங்கள் வந்து சேருவது அம்மா வீட்டில், அதாவது ஜான்சன் வீட்டில். நீங்கள் அந்த வீட்டிலேயே புழங்கும் காலத்தில் அவை கிடைத்தால்தானே முழுப் பயன்?

அதன்பின் ஆம்புலன்ஸ், போலீஸ் மாதிரியான வண்டி வேலைகள். புகைப்படமும் லாடமும் கதை அந்தந்த ஊருக்குப் போகும்போது. சிப்பி கடைசி. இது என் வரிசை. சிப்பியை நடுவிலேயே முடிப்பவர்களும் இருக்கிறார்கள், அவர்கள் சொல்லும் நியாயம் கீழே வருகிறது.

வழியில் மிதக்கும் இதயம், கவசம், நட்சத்திரம் எல்லாம் என்ன?

இதயம் உயிரை ஏற்றும். கவசம் குண்டடியைத் தாங்கும். நட்சத்திரம் போலீஸுக்கான லஞ்சம், எடுத்தால் துரத்தலில் ஒரு நட்சத்திரம் குறையும். இவை எடுத்த இடத்திலேயே கொஞ்ச நேரத்தில் திரும்ப வரும் என்பதால் சேர்த்து வைக்கும் கவலை இல்லை. லஞ்ச நட்சத்திரம் இருக்கும் இரண்டு மூன்று இடங்களை மட்டும் மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள், போதும்.

ஒருமுறை சம்பாதித்தால் கடைசிவரை கூட வரும் பலம் எதுவும் இல்லையா?

இருக்கிறது. நிறையப் பேர் கவனிக்காமல் தாண்டிப்போவதும் அதைத்தான். சான் ஆண்ட்ரியாஸில் நிரந்தரமான பலம் தெருவில் கிடக்காது, பக்கத்து வேலைகளுக்குச் சம்பளமாகக் கிடைக்கும்.

ஆம்புலன்ஸில் 12 லெவல் முடித்தால் உயிரின் உச்ச அளவே உயர்ந்துவிடும். போலீஸ் வண்டியில் ஏறிக் குற்றவாளிகளைத் துரத்தும் விஜிலான்டி வேலையில் 12 லெவல் முடித்தால் கவசத்தின் உச்சம் 100-இலிருந்து 150 ஆகும். தீயணைப்பு வண்டியில் 12 லெவல் முடித்தால் சிஜேவை நெருப்பு சுடாது. பெட்ரோல் குண்டு வீசும்போது தன் தீயிலேயே மாட்டிச் செத்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். டாக்சியில் 50 சவாரி முடித்தால் டாக்சிகளுக்கெல்லாம் வேகத்தைக் கூட்டும் நைட்ரோ வரும், ஹாரன் அடித்தால் வண்டி துள்ளவும் செய்யும். இரவில் கறுப்பு வேனை எடுத்து வீடு புகுந்து திருடும் வேலையில் மொத்தம் 10,000 டாலர் சேர்ந்தால் சிஜே ஓடிக் களைக்கவே மாட்டார்.

கடைசியாகச் சொன்னதை முதலிலேயே செய்துவிடுங்கள் என்பேன். இந்த விளையாட்டில் ஓடுவதுதான் அடிக்கடி செய்யும் காரியம். மூச்சிரைக்காமல் ஓட முடிந்தால் அதற்கப்புறம் எந்த மிஷனும் வேறு மாதிரி இருக்கும்.

ஒன்றை மறக்க வேண்டாம். ஆம்புலன்ஸ், போலீஸ், தீயணைப்பு மூன்றையும் ஒரே மூச்சில் 12 லெவல் வரை கொண்டுபோக வேண்டும், நடுவில் விட்டால் மறுபடி முதலிலிருந்து. டாக்சிச் சவாரியும் திருட்டுப் பணமும் அப்படி இல்லை, கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்கலாம்.

ஆம்புலன்ஸில் எட்டாவது லெவலைத் தாண்டவே முடியவில்லை. என்ன செய்வது?

ஊரை மாற்றுங்கள். முதல் லெவலில் ஒரு நோயாளி, பன்னிரண்டாவதில் பன்னிரண்டு பேர். கூட்டிப் பார்த்தால் 78 பேர். வண்டியில் ஒரு தடவைக்கு மூன்று பேரைத்தான் ஏற்ற முடியும். லாஸ் சாண்டோஸ் நெரிசலில், அதுவும் எதிரிக் கும்பல் சுடும் பேட்டைகளில் இதைச் செய்தால் எட்டு என்ன, ஆறே கஷ்டம்.

ஏஞ்சல் பைன் என்ற சின்ன ஊர் மலையடிவாரத்தில் இருக்கிறது. அங்கே ஆஸ்பத்திரியும் உண்டு, ஆம்புலன்ஸும் நிற்கும். நாலைந்து தெருதான், வண்டி நடமாட்டம் குறைவு, சுடுவதற்குக் கும்பல் கிடையாது. நோயாளிகள் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே தோன்றுவார்கள். 'தி கிரீன் சேபர்' முடிந்ததும் கதையே உங்களை அந்தப் பக்கத்தில்தான் கொண்டுபோய் விடும். அதுவரை பொறுத்திருந்து, போய் இறங்கிய உடனே இந்த வேலையை முடித்துவிடுங்கள். தூரத்தில் இருப்பவரை முதலில் ஏற்றிக்கொண்டு, அடுத்தடுத்த ஆளை வரும் வழியில் ஏற்றுங்கள். வேகத்தைவிட வண்டியைக் கவிழ்க்காமல் ஓட்டுவதுதான் முக்கியம், அங்கே மேடு பள்ளம் அதிகம்.

டேக் அடிக்க ஸ்ப்ரே எங்கே கிடைக்கும்? முடித்தால் என்ன வரும்?

சிஜேவின் அண்ணன் ஸ்வீட் தரும் 'டேகிங் அப் டர்ஃப்' மிஷனில் இதைச் சொல்லிக் கொடுப்பார்கள். அதன்பிறகு ஜான்சன் வீட்டு மாடியில், சிஜேவின் அறையில் ஸ்ப்ரே டப்பா இருக்கும். எதிரிக் கும்பலின் கிறுக்கல் மேல் குரோவ் தெருவின் பச்சை எழுத்து முழுசாக வரும்வரை அடிக்க வேண்டும். பாதியில் விட்டால் கணக்கில் ஏறாது. எண்ணிக்கை திரையில் வந்ததா என்று பார்த்துவிட்டு நகருங்கள்.

நூறும் முடிந்தால் வீட்டுச் சமையலறையில் ஏகே-47, டெக்-9, குட்டைத் துப்பாக்கி, பெட்ரோல் குண்டு நான்கும் இலவசமாகக் கிடைக்கும், தீரத் தீர வந்துகொண்டே இருக்கும்.

புகைப்படப் புள்ளிகள் கண்ணுக்கே தெரியவில்லையே?

வெறும் கண்ணால் பார்த்தால் தெரியாது. சான் ஃபியரோவில் கேமராவைக் கையில் எடுத்து அதன் வழியாகப் பார்த்தால்தான் குறி தெரியும். ஓரிடத்தில் நின்று மெதுவாக ஒரு முழுச் சுற்று சுற்றுங்கள், அப்புறம் கொஞ்சம் மேலே பார்த்து இன்னொரு சுற்று. ஊர் மேடு பள்ளமாக இருப்பதால் உயரமான தெருவில் நின்றால் ஒரே இடத்திலிருந்து இரண்டு மூன்றைக்கூடப் பிடிக்கலாம். முடித்தால் 1,00,000 டாலரும் டோஹர்ட்டி கராஜில் ஆயுதங்களும் கிடைக்கும்.

கூரை மேல் இருக்கும் லாடத்துக்கு எப்படி ஏறுவது?

ஜெட்பேக் வரும்வரை காத்திருங்கள். வெர்டன்ட் மெடோஸ் என்ற பாலைவன விமானத் தளத்தை 80,000 டாலருக்கு வாங்கச் சொல்லிக் கதையே கேட்கும். 'பிளாக் புராஜெக்ட்' மிஷனில் ஜெட்பேக்கை எடுத்து, அடுத்து வரும் 'கிரீன் கூ'வையும் முடித்துவிட்டால், அது அந்தத் தளத்திலேயே எப்போதும் கிடைக்கும். அதை மாட்டிக்கொண்டு லாஸ் வென்சுராஸின் சூதாட்ட விடுதிகளுக்கு மேல் இரவில் பறப்பது இந்த விளையாட்டிலேயே அழகான அனுபவம் என்பேன். பிரமிட், கோட்டை, விளக்குப் பலகை என்று ஊரே மேலிருந்து பார்ப்பதற்காகக் கட்டியது போல இருக்கும். ஐம்பதும் முடிந்தால் 1,00,000 டாலர். ஃபோர் டிராகன்ஸ் கேசினோவில் எம்4, எஸ்எம்ஜி, காம்பாட் ஷாட்கன், ரிமோட் குண்டுகள் வைத்திருப்பார்கள்.

சிப்பி உண்மையிலேயே அவ்வளவு பிரயோஜனமா?

மேலோட்டமாகப் பார்த்தால் பணமும் கவர்ச்சியும்தான். ஐம்பது சிப்பியும் எடுத்துவிட்டால் சிஜே குண்டாக இருந்தாலும் ஒல்லியாக இருந்தாலும், கந்தலே உடுத்தியிருந்தாலும் காதலிகள் ஒத்துக்கொள்வார்கள். "அதனால் எனக்கென்ன?" என்று தோன்றலாம். இங்கேதான் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது.

சான் ஃபியரோவில் கேட்டி என்று ஒரு நர்ஸ். அவரோடு பழகினால், செத்து ஆஸ்பத்திரியில் எழும்போது ஆயுதங்கள் பறிபோகாது. எல் கெப்ரடோஸில் பார்பரா என்று ஒரு போலீஸ்காரர். அவரோடு பழகினால், கைதாகி வெளியே வரும்போதும் ஆயுதங்கள் அப்படியே இருக்கும். கேட்டிக்கு உடற்பயிற்சி செய்த உடம்பு வேண்டும், மற்றவர்களுக்கு மற்றதுகள் வேண்டும். சிப்பிகள் கையில் இருந்தால் அந்த நிபந்தனை எதுவும் கிடையாது. ஆகவே சிப்பி என்பது சுற்றி வளைத்து வரும் ஆயுதக் காப்பீடு. அதை நடுவிலேயே முடிப்பவர்களின் நியாயம் இதுதான், தப்பென்று சொல்ல மாட்டேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இதற்கு முந்தைய ஜிடிஏ 3-லும் வைஸ் சிட்டியிலும் நாயகனுக்கு நீச்சல் தெரியாது. தண்ணீரில் விழுந்தால் முடிந்தது கதை. சிஜேதான் முதலில் நீந்தியவர். முன்பு சாவாக இருந்த கடலுக்கு அடியில் போய்ப் பொருள் தேடச் சொன்னபோது, பழைய விளையாட்டுகளை ஆடிவிட்டு வந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயமாக இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். முங்க முங்க மூச்சுப் பிடிக்கும் அளவும் கூடும். 'ஆம்ஃபிபியஸ் அசால்ட்' மிஷனுக்கு அந்த அளவு ஓரளவு ஏறியிருந்தால்தான் உள்ளே விடுவார்கள், ஆகவே சிப்பி தேடிய நேரம் அங்கேயும் உதவும்.

மேப் பார்த்து எடுக்கலாமா? தப்பா?

தப்பே இல்லை. ஆனால் முதல் நாளே மேப்பைத் திறக்காதீர்கள். இடம் தெரிந்து போய் எடுத்தால் அது பட்டியலைப் பார்த்து மளிகை வாங்குவது மாதிரி ஆகிவிடும். முக்கால்வாசியைச் சொந்தமாகத் தேடுங்கள், அப்புறம் மேப். இதில் ஒரு சிக்கல் உண்டு. நீங்கள் எவற்றை எடுத்தீர்கள் என்று விளையாட்டு சொல்லாது, எத்தனை எடுத்தீர்கள் என்று மட்டும்தான் சொல்லும். அதனால் நோட்டில் குறித்துக்கொண்டே போவது முக்கியம்.

சீட் (குறுக்குவழிக் குறியீடு) போட்டு ஆடினால் இதெல்லாம் பாதிக்குமா?

பணம், ஆயுதம் மாதிரியான சீட்களால் பெரிய ஆபத்து இல்லை. ஜனங்களின் நடத்தையை மாற்றும் சீட்களைப் போட்டுவிட்டு சேவ் செய்யாதீர்கள். அவை சேவிலேயே தங்கிவிடக்கூடும். அப்படித் தங்கினால் 'மேட் டாக்' மிஷனில் கூரையில் நிற்கும் மனிதர் நீங்கள் அட்டைப் பெட்டி வண்டியோடு வருவதற்குள் குதித்துவிடுவார், கதை அங்கேயே நின்றுபோகும். சீட் போட்டு விளையாடத் தனியாக ஒரு சேவ் வைத்துக்கொள்வது நல்லது.

இந்த முறையில் குறையே இல்லையா?

உண்டு. 2001-இல் வந்த ஜிடிஏ 3-இல் 100 ரகசியப் பொட்டலங்கள் இருந்தன. ஒவ்வொரு பத்துக்கும் வீட்டு வாசலில் புதிதாக ஒரு ஆயுதம் வந்து சேரும். பத்து எடுத்தால் கையில் பலன், இருபது எடுத்தால் இன்னொன்று. சான் ஆண்ட்ரியாஸில் ஆயுதங்களுக்காக ஐம்பதாவது, நூறாவது வரை பொறுக்க வேண்டும். 40 லாடம் எடுத்தவருக்கும் 4 லாடம் எடுத்தவருக்கும் ஃபோர் டிராகன்ஸில் ஒரே நிலைமைதான். தேடலை இவ்வளவு நன்றாக அமைத்துவிட்டுப் பலனை இப்படிக் கடைசியில் கொண்டுபோய் வைத்தது சரியில்லை என்பது என் எண்ணம்.

மற்ற திறந்த உலக விளையாட்டுகளில் இதைவிட நன்றாகச் செய்திருக்கிறார்களா?

சிலர் செய்திருக்கிறார்கள். 2007-இல் வந்த 'கிராக்டவுன்' எனக்கு மிகப் பிடித்த உதாரணம். அதில் கட்டடங்களின் மேல் 500 பச்சை உருண்டைகள். ஒவ்வொன்றும் தாவும் திறனைக் கொஞ்சம் ஏற்றும். திறன் ஏறினால் முன்பு எட்டாத கூரை எட்டும், அங்கே இன்னும் உருண்டைகள். தேடலும் பலமும் ஒன்றையொன்று தூக்கிவிட்டுக்கொண்டே போகும்.

அதே 2007-இல் வந்த முதல் 'அசாசின்ஸ் கிரீட்'டில் 420 கொடிகள். எடுத்தால் விளையாட்டுக்குள் எந்தப் பலனும் கிடையாது. 2009-இல் இரண்டாம் பாகத்தில் அதை 100 இறகுகளாகக் குறைத்தார்கள், அதற்கு ஒரு காரணத்தையும் வைத்தார்கள். நாயகன் எட்சியோவின் கொல்லப்பட்ட தம்பி சேர்த்துவந்தவை அந்த இறகுகள். துயரத்தில் பேச்சற்றுப் போன அம்மாவுக்காக மகன் அவற்றைத் தேடுகிறான். பொருள் அதேதான், கூரையில் ஒளிர்வதும் அதேதான். ஆனால் எடுக்கும் கைக்கு ஒரு நோக்கம் வந்துவிட்டது.

2017-இல் வந்த 'செல்டா: பிரெத் ஆஃப் தி வைல்ட்'டில் 900 கோரோக் விதைகள். ஆயுதம், வில், கேடயம் வைக்கும் இடத்தை எல்லாம் முழுசாக விரிக்க 441 போதும். மீதி, யார் எந்தத் திசையில் போனாலும் ஏதாவது கண்ணில் படட்டும் என்பதற்காக. எல்லாவற்றையும் எடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தை எடுத்துவிட்டால் தேடல் எவ்வளவு இலகுவாகிறது என்பதை அதில்தான் உணர்ந்தேன்.

100 சதவீதம் முடித்தால் என்ன கிடைக்கும்?

10 லட்சம் டாலர், தீராத குண்டுகள், அத்துடன் குரோவ் தெருவிலேயே ரைனோ டாங்கியும் ஹைட்ரா போர் விமானமும். அந்த நேரத்தில் பணத்துக்குத் தேவை இருக்காது. ஆனால் ஏழை வீட்டுப் பிள்ளையாக சிஜே வந்து இறங்கிய அதே தெருவில் போர் விமானம் நிற்பதைப் பார்க்கும்போது நெஞ்சு நிறையும்.

49-இல் நிற்கிறேன். கடைசி ஒன்று எங்கே என்றே தெரியவில்லை.

இது எல்லோருக்கும் வரும். முதலில், நோட்டில் குறித்ததை நம்பாதீர்கள். எடுத்துவிட்டோம் என்று நினைத்தது பாதியில் விட்ட டேக்காக இருக்கலாம், எடுத்தபின் சேவ் செய்யாமல் செத்துப்போன சிப்பியாக இருக்கலாம். மேப்பைப் பகுதி பகுதியாகப் பிரித்துக்கொண்டு, ஓர் ஓரத்திலிருந்து ஆரம்பித்து ஐம்பது இடத்துக்கும் வரிசையாகப் போங்கள். லாடத்துக்கு ஜெட்பேக், சிப்பிக்குக் கடல் விமானமோ படகோ. ஒரு பகுதி முடிந்ததும் சேவ் செய்துவிட்டு அடுத்தது. எங்களுக்குக் கடைசி டேக் இருந்தது குரோவ் தெருவிலிருந்து நடந்தே போகும் தூரத்தில், தினமும் வண்டியில் தாண்டிப்போன ஒரு சுவரின் மறுபக்கத்தில். அதனால் வீட்டுக்குப் பக்கத்திலிருந்தே தேட ஆரம்பியுங்கள்.